பரீட்சை எழுதுகிறவன்

ருஷ்ய மொழித் தேர்ச்சிப் பரீட்சை என்றால் அது அன்னியனுக்கு வைக்கப்படுவது என்று நமக்கு ஒரு நினைப்பு. சரித்திரத்தைப் புரட்டினால் இந்தப் பரீட்சைக்கு முதலில் அகப்பட்டவர்களில் ருஷ்யர்களே இருக்கிறார்கள். குமாஸ்தா, பிரபு வீட்டுப் பையன், குடியானவன் மகன், உஸ்பெக் சிறுவன், ஆப்பிரிக்க மாணவன், தாஜிக் கூலியாள் என்று ஒவ்வொரு காலத்திலும் அது ஒவ்வொருவரைத் தேடிப் போயிருக்கிறது. கேட்கிறவனின் சரித்திரம் அரசாணைகளில் கிடைக்கும். பதில் சொல்ல உட்கார்ந்தவனின் சரித்திரம் பெரும்பாலும் கதைகளில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உத்தேசம்.

இந்த விஷயத்துக்குள் நான் வந்த வழி எளியது. ஒன்றரை வருஷமாக ருஷ்ய மொழியின் ‘முதல் நிலை’த் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறேன். மாஸ்கோவில் எனக்கு வேலையோ படிப்போ காத்திருக்கவில்லை. செகாவை அவர் வாக்கியத்திலேயே படிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பரீட்சை என்று ஒரு தேதி எதிரில் நிற்காவிட்டால் சோம்பல் ஜெயித்துவிடும் என்பதும் தெரியும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பையன் வைத்தியப் படிப்புக்கு ருஷ்யாவுக்குப் போகிறவன். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் சர்ட்டிபிகேட்?” என்று கேட்டான். சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. சான்றிதழ் எதற்கு என்று கேட்டால், அதை யார் யாரிடம் எப்போது கேட்டார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இன்றைய பரீட்சையின் அமைப்பு 1990களில் உருவானது. ஆறு நிலைகள். ஆரம்ப நிலைக்கு 780 சொற்கள், அடிப்படை நிலைக்கு 1300, முதல் நிலைக்கு 2300 என்று சொற்களின் எண்ணிக்கையே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சொல்லும் இலக்கணமும், படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று ஐந்து பகுதிகள். தேற வேண்டுமானால் நூற்றுக்கு அறுபத்தாறு. முதல் நிலை தேறியவன் ருஷ்யப் பல்கலைக் கழகத்தில் சேரலாம். கெட்டிக்காரத்தனமாக, நேர்மையாகச் செய்யப்பட்ட பரீட்சை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய வினாத்தாள்களில் வரும் உரைநடையை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு மாணவன் புதிய நகரத்துக்கு வருகிறான். ஒரு விஞ்ஞானி பிறக்கிறார், படிக்கிறார், புகழடைகிறார். சிநேகிதிக்குப் பிறந்தநாள் வருகிறது. யாருக்கும் பல்வலி வருவதில்லை, யாரும் கடன் வாங்குவதில்லை. எழுதியவர் என்று ஒருவர் இல்லாதது போலவே எழுதப்பட்ட மொழி அது. ஒரு மொழியிலிருந்து அதன் மனிதர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 2300 சொற்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி சரித்திரம்.

1809ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ஆம் தேதி முதலாம் அலெக்ஸாந்தரின் ஆணை ஒன்று வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் ஸ்பெரான்ஸ்கி. அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குப் பதினான்கு படிநிலைகள் இருந்த காலம். எட்டாம் படியான ‘கல்லூரி மதிப்பீட்டாளர்’ பட்டம் கிடைத்தால் பரம்பரைப் பிரபு அந்தஸ்து. இந்தப் படியில் ஏற வேண்டுமானால் இனிப் பல்கலைக் கழகச் சான்றிதழ் வேண்டும், அல்லது பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றது ஆணை. பாடங்களில் முதலாவதாக ருஷ்ய மொழி: இலக்கணம், பிழையில்லாமல் கட்டுரை எழுதுதல், ஏதாவது ஒரு அன்னிய மொழியிலிருந்து ருஷ்ய மொழிக்குப் பெயர்த்தல். பிறகு சட்டம், சரித்திரம், கணிதம், பௌதிகம்.

இதன் விபரீதத்தைப் புரிந்துகொள்ள ஒரு சூழலை நினைவில் கொள்ள வேண்டும். மேல்தட்டு ருஷ்யா அப்போது பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தது. கீழே இருந்த குமாஸ்தா வர்க்கம் தேவாலய ஸ்லாவும் கச்சேரி நடையும் கலந்த ஒரு மொழியில் தலைமுறை தலைமுறையாக மனு எழுதிக்கொண்டிருந்தது. சொந்த மொழியில் பிழையில்லாமல் எழுதத் தெரியுமா என்று அரசாங்கம் கேட்டதும் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர்களுக்குக் குலை நடுங்கிற்று. கரம்ஸின் 1811ல் ஜாருக்கு எழுதிய குறிப்பில் இந்த ஆணையைக் கிண்டல் செய்தார். சிவில் நீதிமன்றத் தலைவருக்கு ஹோமர் எதற்கு, செனட் காரியதரிசிக்குப் பிராணவாயுவின் குணம் எதற்கு என்பது அவர் வாதம். கரம்ஸின் கன்ஸர்வேடிவ், ஸ்பெரான்ஸ்கி சீர்திருத்தவாதி. சீர்திருத்தவாதியின் பக்கம்தான் நியாயம் அதிகம். லஞ்சமும் சிபாரிசும் இருந்த இடத்தில் அவர் தகுதியை வைக்கப் பார்த்தார். 1812ல் அவர் பதவி இழந்து ஊர் கடத்தப்பட்டதற்குப் பல காரணங்களில் குமாஸ்தாக்களின் வெறுப்பும் ஒன்று. ஆணை மட்டும் 1834 வரை உயிரோடிருந்தது.

இந்த ஆணையைத் தெரிந்துகொள்ளாமல் கோகோலின் ‘மூக்கு’ கதையில் ஒரு ஹாஸ்யம் நமக்குத் தப்பிவிடும். மூக்கைத் தொலைத்த கவால்யோவ் ஒரு கல்லூரி மதிப்பீட்டாளர். ஆனால் காகசஸில் ஆனவர். சான்றிதழ் வாங்கி மதிப்பீட்டாளர் ஆனவர்களையும் காகசஸில் ஆனவர்களையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று கதைசொல்லி முகத்தைச் சுளிக்காமல் எச்சரிக்கிறான். நான் இதை முதலில் மொழிபெயர்ப்பில் படித்தபோது ஏதோ பிரதேசக் கிண்டல் என்று தாண்டிப் போனேன். விஷயம் இதுதான்: தொலைதூரமான, ஆபத்தான காகசஸுக்கு உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்குப் பரீட்சை இல்லாமலே அந்தப் பட்டம் கிடைத்தது. கவால்யோவ் குறுக்கு வழியில் வந்தவர். அதனால்தான் தன்னை ‘மேஜர்’ என்று சொல்லிக்கொள்கிறார். கதை 1836ல் புஷ்கினின் பத்திரிகையில் வெளியானபோது ஆணை ரத்தாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசகர்கள் உடனே சிரித்திருப்பார்கள். முகத்தின் நடுவில் இருக்க வேண்டியது இல்லாதவனுக்கும் சான்றிதழ் இல்லாதவனுக்கும் கோகோல் போட்ட முடிச்சு அடிக்குறிப்பு இல்லாமலே அவர்களுக்கு விளங்கியது.

ருஷ்யக் கவிதை தன் பிறந்த நாட்களில் ஒன்றாகக் கொண்டாடுவதும் ஒரு மொழிப் பரீட்சையைத்தான் என்பது வேடிக்கை. 1815 ஜனவரி 8. ஜார்ஸ்கொயே ஸெலோ பள்ளியில் பகிரங்கப் பரீட்சை. விருந்தாளியாக வந்திருந்த கிழவர் தெர்ஷாவினுக்கு 71 வயது. மற்றப் பாடங்கள் நடந்தபோது தூங்கி வழிந்தார்; ருஷ்ய இலக்கியம் என்றதும் விழித்துக்கொண்டார். பதினைந்து வயதுப் பையன் புஷ்கின் எழுந்து தன் கவிதையை வாசித்தான். கிழவர் அவனைக் கட்டித் தழுவிக்கொள்ள விரும்பினார். தேடினார்கள், பையனைக் காணவில்லை, ஓடிவிட்டான். இதை எழுதி வைத்தவர் புஷ்கினே. அந்தப் பையனுக்குப் பள்ளியில் பட்டப்பெயர் ‘பிரெஞ்சுக்காரன்’ என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நவீன ருஷ்ய மொழியைச் செய்தவன் என்று பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டவன், தன் முதல் ருஷ்யப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கக்கூட நிற்காமல் ஓடியிருக்கிறான்.

ஸ்பெரான்ஸ்கியின் ஆணை போனாலும் படியேறும் பரீட்சை வேறு வடிவங்களில் நீடித்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு செகாவ் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பரீட்சை நன்றாகத் தெரியும். தகன்ரோக் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் தங்கிப் போனவர் அவர். இரண்டாவது முறை கிரேக்கத்தால். 1884ல் எழுதிய ஒரு சின்னக் கதையில் ஃபென்த்ரிகவ் என்ற தபால் குமாஸ்தா வருகிறான். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவன். படிநிலையில் கடைசிப் பட்டம் வாங்க மாவட்டப் பள்ளியில் பரீட்சைக்கு வந்து உட்கார்கிறான். பூகோள வாத்தியாருக்கும் அவனுக்கும் தபாலாபீஸில் ஏற்பட்ட பழைய மனஸ்தாபம். துருக்கியில் என்ன ஆட்சி என்று கேட்டால் துருக்கிய ஆட்சி என்கிறான். கங்கையின் உபநதிகளைச் சொல்லச் சொல்கிறார் வாத்தியார். அது இந்தியாவில் ஓடுகிறது என்பது மட்டும் ஃபென்த்ரிகவுக்குத் தெரியும். ருஷ்யாவின் ஒரு மாவட்ட ஊரில் ஒரு தபால்காரனின் மானத்தை வாங்குவதற்கு நம் கங்கை போய் நிற்கிறது. கடைசியில் அவனைத் தேற்றி அனுப்பிவிடுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியவன் ஒன்றை நினைத்து வருந்துகிறான்: ஒரு மாதம் உட்கார்ந்து கன வடிவியல் படித்தானே, பாடத்திட்டத்தில் அது இல்லவே இல்லையாமே!

அடுத்த வருஷம் எழுதிய இன்னொரு கதையில் பெரெக்ளாதின் என்ற உத்தியோகஸ்தன். யாரோ ஒரு இளைஞன், நீங்கள் நிறுத்தக் குறிகளைப் பழக்கத்தால் போடுகிறீர்கள், அறிந்து போடவில்லை என்று சொல்லிவிட, அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. ராத்திரியெல்லாம் தன்னைத்தானே பரீட்சித்துக்கொள்கிறான். கமா எங்கே வரும், தெரியும். கேள்விக்குறி, தெரியும். ஆச்சரியக்குறி? நாற்பது வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட அதைப் போட்டதில்லை. அது ஆனந்தம், கோபம் போன்ற உணர்ச்சிகள் வரும் இடத்தில் போடுவது என்று படித்த மனைவி சொல்கிறாள். அரசாங்கக் காகிதத்தில் உணர்ச்சி ஏது? மொழிப் பரீட்சை ஒரு மனிதனைக் கடைசியில் எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை. இலக்கண விதி ஒன்று தெரியவில்லை என்று தேடப் போனவன், தன் வாழ்க்கையில் ஒன்று இல்லை என்று கண்டுபிடிக்கிறான்.

ஃபென்த்ரிகவ், பெரெக்ளாதின் காலத்தில் ருஷ்ய எழுத்தில் ஒரு குறிப்பிட்ட பயம் இருந்தது. அதன் பெயர் ‘யாத்’. அந்த எழுத்தின் உச்சரிப்பு ‘யே’ என்ற சாதாரண எழுத்தின் உச்சரிப்போடு எப்போதோ கலந்துவிட்டது. காதுக்கு வித்தியாசம் கிடையாது. எழுதும்போது மட்டும் எந்தச் சொல்லில் எது என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்கு ரகர றகரமும் ந-ன வித்தியாசமும் போல என்று சொல்லலாம். ஆனால் நமக்கு இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கச் சில வழிகளாவது உண்டு. யாத் வரும் வேர்ச்சொற்கள் ஏறத்தாழ 130. அவற்றை மனப்பாடம் செய்ய அர்த்தமில்லாத எதுகைச் செய்யுள்கள் கட்டிக்கொடுத்தார்கள். சொல்வதெழுதுதலில் யாத் தவறினால் பையன் வகுப்பில் தங்கினான். 1897 ஜனத்தொகைக் கணக்கின்படி சாம்ராஜ்யத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தொருவர்தான். அந்த இருபத்தொருவரையும் இரண்டாகப் பிரிப்பதற்கு யாத் உபயோகப்பட்டது. பள்ளியில் முழுதாகப் படித்தவன், அரைகுறையாகப் படித்தவன்.

1904ல் விஞ்ஞானக் கழகம் ஒரு குழு அமைத்தது. ஃபர்த்துனாதவ், ஷாஹ்மதவ் போன்ற பெரிய மொழியியல்காரர்கள் அதில் இருந்தார்கள். யாத் முதலிய சில எழுத்துகளை எடுத்துவிடலாம், மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் ஓசையின்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கடின அடையாளத்தை’யும் விட்டுவிடலாம் என்பது முடிவு. அது பதின்மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தது. 1917 மே மாதம் தாற்காலிக அரசாங்கம் பள்ளிகளுக்கு அதை ஏற்றது. போல்ஷெவிக்குகள் 1917 டிசம்பரிலும் 1918 அக்டோபரிலும் ஆணையிட்டுக் கட்டாயமாக்கினார்கள். அச்சகங்களிலிருந்து அந்த எழுத்துகளையே பறிமுதல் செய்தார்கள். சொல்லின் நடுவே கடின அடையாளம் நிஜமாகவே தேவைப்படும் இடத்திலும் அது இல்லாமல், ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டுச் சமாளித்தார்கள். எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் அரசாணையாகப் பார்த்து, ஈய எழுத்துகளோடு மாரடித்த நம் அச்சகத்து நண்பர்களுக்கு இது விளங்கும்.

பாமரனுக்கு இது விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுத்தாளர்கள் ஒரே குரலில் வரவேற்கவில்லை. புனின் புதிய எழுத்துமுறையைக் கடைசிவரை மனத்தால் ஏற்கவில்லை. நாடு விட்டுப் போனவர்களின் பத்திரிகைகள் வெகுகாலம் யாத்தோடு வந்தன. பிரபுத்துவ வீம்பு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. ‘யேஸ்த்’ என்று ஒரு சொல்: ‘இருக்கிறது’ என்று அர்த்தம். யாத் போட்டு எழுதினால் அதே ஒலிக்கு ‘உண்ண’ என்று அர்த்தம். காதில் ஒன்றாகிவிட்ட இருப்பையும் உணவையும் கண் மட்டும் பிரித்து வைத்திருந்தது. கவிதை எழுதுகிறவனுக்கு இது இழப்புதான். சொல்வதெழுதுதலில் அடிவாங்கிய பையனுக்கு இது லாபம்தான். இரண்டும் உண்மை. பையன்கள்தான் ஏராளம் என்பதால் எனக்கு எந்தப் பக்கம் என்பதில் தயக்கமில்லை.

1919 டிசம்பர் 26ஆம் தேதி எழுத்தறியாமையை ஒழிக்கும் ஆணை வந்தது. எட்டு வயது முதல் ஐம்பது வயதுவரை எல்லோரும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும். தாய்மொழியிலோ ருஷ்ய மொழியிலோ, விருப்பப்படி. இந்த ‘விருப்பப்படி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பரீட்சையின் சரித்திரத்தில் அபூர்வமான சொல். அது பத்தொன்பது வருஷத்துக்கும் குறைவாகவே தாக்குப்பிடித்தது. 1938 மார்ச் 13ஆம் தேதி ஆணை, தேசியக் குடியரசுகளின் பள்ளிகளில் ருஷ்ய மொழியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. பல தேசிய இனங்களுக்குப் பொதுமொழி வேண்டும், நிபுணர்கள் தேவை, ராணுவத்தில் கட்டளை புரிய வேண்டும் என்பவை காரணங்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே படும். கூடவே எழுத்தும் மாறிற்று. 1920களின் இறுதியில் அரபு லிபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றப்பட்ட உஸ்பெக் மொழி, 1940ல் சிரிலிக் எழுத்துக்கு மாற்றப்பட்டது. அரபு லிபியில் படித்த பாட்டனார், லத்தீனில் படித்த தகப்பனார், சிரிலிக்கில் படிக்கும் மகன். ஒரே வீட்டில் மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க முடியாது. குமாஸ்தாவிடம் கேட்கப்பட்ட பழைய கேள்வி இப்போது குழந்தையிடம் கேட்கப்பட்டது. அதுவும் அவன் வீட்டில் யாரும் பேசாத மொழியில்.

யுத்தத்துக்குப் பிறகு அன்னியன் வருகிறான். 1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் தொடங்கிற்று. மறு வருஷம் கொலையுண்ட லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டு, 1992ல் எடுக்கப்பட்டு, 2023ல் மறுபடியும் சூட்டப்பட்டிருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் முதல் வருஷம் தயாரிப்புப் பிரிவில் மொழி படித்தார்கள். அன்னியனுக்கு ருஷ்ய மொழி கற்பிப்பது தனித் துறையானது இந்தக் காலத்தில்தான். 1966ல் மாஸ்கோ பல்கலைக் கழகத்தில் ஒரு மையம். 1973ல் அது புஷ்கின் பெயரில் தனிக் கழகம். 1967ல் பாரிஸில் ருஷ்ய மொழி ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கம். ஹவ்ரோனினா போன்றோர் எழுதிய பாடப் புத்தகங்கள் உலகெங்கும் போயின. இதில் அரசியல் இல்லை என்று சொல்ல நான் குழந்தை இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. அந்தப் பரீட்சையில் தோற்றால் போவது ஒரு வருஷம். ஜெயித்தால் கிடைப்பது ஒரு படிப்பு. வருகிறவனை உள்ளே அழைப்பதற்காக வைத்த பரீட்சை அது.

நம்மவர்களுக்கு ருஷ்ய இலக்கியம் வந்ததும் இதே ஆண்டுகளில், இதே தாராளத்தில்தான். முன்னேற்றப் பதிப்பகமும் 1982க்குப் பிறகு ராதுகாவும் அச்சிட்ட புத்தகங்களைக் காப்பித்தூள் விலைக்கு வாங்கினோம். மாஸ்கோவில் உட்கார்ந்து தமிழாக்கிய பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களை நம் விமர்சகர்கள் ஒரு அடிக்குறிப்பாகக்கூட நினைவில் வைக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்புகளில் குறை சொல்வது எளிது. கவால்யோவின் சான்றிதழ் சமாசாரம் விளங்காமல் போனதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட இடங்களை விளங்கவைக்க வேண்டியது விமர்சனத்தின் வேலை. அதை நாம் செய்யவில்லை.

சோவியத் யூனியன் கலைந்த பிறகு பரீட்சையின் முகம் மறுபடி மாறிற்று. வீடு-குடிநீர்ப் பராமரிப்பு, சில்லறை வியாபாரம், சேவைத் தொழில்களில் வேலைக்கு வரும் வெளிநாட்டாருக்கு 2012 டிசம்பர் முதல் ருஷ்ய மொழிச் சான்று கேட்கப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல் வேலைக்கோ குடியிருக்கவோ அனுமதி கோரும் பெரும்பாலோர் மொழி, ருஷ்ய சரித்திரம், சட்டம் மூன்றிலும் பரீட்சை எழுத வேண்டும். செங்கல் சுமக்க வந்த தாஜிக்கிஸ்தான்காரனிடம் சரித்திரம் கேட்கிறார்கள். அவன் தகப்பன் சோவியத் ராணுவத்தில் ருஷ்ய மொழியில் கட்டளை வாங்கியிருப்பான். இவன் சுதந்திர நாட்டில் பிறந்ததால் அந்த மொழியை இழந்து, இப்போது அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறான். 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டார் குழந்தைகள் ருஷ்யப் பள்ளியில் சேருவதற்கே மொழிப் பரீட்சை. தேறாத குழந்தைக்குப் பள்ளியில் இடமில்லை. மொழியைக் கற்கும் இடம் பள்ளி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். மொழி தெரிந்தால்தான் பள்ளி என்று ஆகியிருக்கிறது. ஸ்பெரான்ஸ்கிகூட வாசலை இவ்வளவு கீழே கொண்டுவந்து வைக்கவில்லை.

இது ருஷ்யாவின் தனிக் குணம் என்று முடிவு கட்ட வேண்டாம். லாத்வியாவில் வாழும் ருஷ்யக் குடியுரிமைக்காரர்கள் லாத்விய மொழியில் அடிப்படைத் தேர்ச்சி காட்டவேண்டும் என்று 2022ல் சட்டம் செய்து, 2023 செப்டம்பர் 1 என்று கெடு வைத்தார்கள். பிறகு தேறாதவர்களுக்குக் கெடு நீட்டப்பட்டது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் தன்னிடம் தன் மொழியில் பேசுவதே இயல்பு என்றிருந்த பாட்டிமார்கள் மூக்குக் கண்ணாடியோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பெஞ்சு ஒன்றுதான். உட்காருகிறவர்கள் மாறுகிறார்கள்.

இந்தப் பெஞ்சின் ஒரு கோடியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அதே சொல் பட்டியல் எனக்குப் பொழுது, கூலியாளுக்குச் சோறு. தோற்றால் நான் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிப்பேன். அவன் ஊருக்குப் போக வேண்டும். எனக்குக் கிடைத்த சில சின்னச் சந்தோஷங்களை இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

ருஷ்ய மொழியை நாம் ஆங்கில இலக்கணப் புத்தகம் வழியாகவே படிக்கிறோம். அதில் ‘விசித்திரம்’ என்று சொல்லப்படுபவற்றில் பாதி நமக்கு விசித்திரமே இல்லை. ‘நான் மாணவன்’ என்று அங்கும் வினை இல்லாமலே வாக்கியம் முடிகிறது. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் ‘ம்ன்யே ஹோலதன’ என்று நான்காம் வேற்றுமை போன்ற ஒன்றில்தான் சொல்கிறார்கள். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதற்கும் அவர்களுக்கு ‘உடைமை’ வினை வேண்டியதில்லை. அந்தப் பழைய ‘யேஸ்த்’ வந்து நிற்கிறது. குளிரையும் பசியையும் பிடித்தத்தையும் நான் செய்யும் காரியங்களாக நினைக்காமல், எனக்கு நேர்பவையாக நினைக்கும் மனசு இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. செகாவின் மனிதர்களுக்கு எல்லாம் ‘நேர்ந்துகொண்டே’ இருப்பதை நாம் அவர் தத்துவம் என்று எழுதினோம். கொஞ்சம் அவர் மொழியின் வேற்றுமை உருபும்தான்.

வினைச்சொல்லில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வினையும் ஜோடியாக வருகிறது: நடந்துகொண்டிருப்பது ஒன்று, நடந்து முடிந்தது ஒன்று. நமக்குப் ‘படித்தேன்’ என்பதற்கும் ‘படித்துவிட்டேன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பரீட்சைக்கான வினையும் அப்படித்தான். ‘ஸ்தவாத்’ என்றால் பரீட்சை எழுதுவது. அதன் முடிந்த வடிவமான ‘ஸ்தாத்’ என்றால் பரீட்சையில் தேறுவது. இரண்டு காரியத்துக்கும் வேறு வேறு சொல் இல்லை. எழுதுவது முற்றினால் தேறுவது. ஆனால் இதே வினைக்கு ஒப்படைப்பது, விட்டுக்கொடுப்பது என்றும் அர்த்தம். 1812ல் மாஸ்கோவை நெப்போலியனுக்கு விட்டுக்கொடுத்ததைச் சொல்லவும் இதுதான். கடைக்காரன் திருப்பித் தரும் சில்லறைக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான். பரீட்சையில் தேறுகிறவன் எதையோ ஒப்படைத்துவிட்டு வருகிறான் என்று அந்த மொழிக்குத் தோன்றியிருக்கிறது. குமாஸ்தாவும் உஸ்பெக் சிறுவனும் எதை ஒப்படைத்தார்கள் என்று ஆணைகள் சொல்வதில்லை. மீதிச் சில்லறை கிடைத்ததா என்பதும் தெரிவதில்லை.

ருஷ்ய இலக்கியம் இந்த இருநூறு வருஷத்தில் வினாத்தாள் தயாரித்தவர்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு ஆறுதல். ஸ்பெரான்ஸ்கியின் ஆணையைச் சரித்திர மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். கவால்யோவை எல்லோருக்கும் தெரியும். கங்கையின் உபநதியைக் கேட்ட வாத்தியாரைவிட, தெரியாமல் விழித்த தபால்காரனிடம்தான் செகாவுக்கு ஈடுபாடு. தாஜிக் கூலியாளின் கதையும் எங்கோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்; பரீட்சை முடிந்த மொழியில் அவனே எழுதினாலும் எழுதுவான்.

என் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போன மாதம் முழுவதும் நான் படித்தது யாத் எழுத்து வரும் சொற்களை. 1918க்கு முந்திய பதிப்பு ஒன்றில் செகாவைப் படித்துப் பார்க்க ஆசைப்பட்டு ஆரம்பித்தேன். வகுப்புப் பையன் என் நோட்டை எட்டிப் பார்த்து, “இது சிலபஸ்லயே இல்லையே சார்” என்றான். இல்லைதான். ஃபென்த்ரிகவுக்குக் கன வடிவியல்.